எடிட்டர் சண்டையும் நம் எழுத்தும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆர்.கே.புரத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் என் மகனும், நொய்டாவிலிருந்து அவனைப் பார்க்க வந்திருந்த நண்பரும் இட்லி ஆறிப்போவதுகூடத் தெரியாமல் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். இருவரும் புரோகிராமர்கள். "உன் எடிட்டர் பழைய பஞ்சாங்கம்" என்றார் நண்பர். "உன் எடிட்டர் கண் விழிப்பதற்குள் நான் பாதி வேலையை முடித்துவிடுவேன்" என்றான் மகன். என் மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "எந்தப் பத்திரிகை எடிட்டருக்காகடா இந்தச் சண்டை?" என்று கேட்டாள். உண்மையைச் சொன்னால், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

பிறகுதான் விளக்கினார்கள். புரோகிராம் எழுதவும் திருத்தவும் கணிப்பொறியில் ஒரு மென்பொருள் வேண்டும். அதற்குத்தான் எடிட்டர் என்று பெயராம். தச்சருக்கு உளி போல, புரோகிராமருக்கு எடிட்டர். எந்த எடிட்டர் உயர்ந்தது என்ற சண்டை இன்று நேற்று வந்ததல்ல. 1976-ஆம் ஆண்டிலேயே தொடங்கிவிட்டது. அமெரிக்காவில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பில் ஜாய் என்ற மாணவர் 'விஐ' என்ற எடிட்டரை எழுதினார். அதே ஆண்டு எம்.ஐ.டி.யில் ரிச்சர்ட் ஸ்டால்மனும் அவரது சகாக்களும் 'ஈமேக்ஸ்' என்பதை உருவாக்கினார்கள். அன்று முதல் புரோகிராமர் உலகம் வடகலை, தென்கலை போல இரண்டு பட்டுப்போனது.

என் மகன் 'விம்' கட்சி. அது விஐயின் வழித்தோன்றல். நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலினார் என்பவர் 1991-இல் வெளியிட்டார். அதற்கு அவர் விலை கேட்கவில்லை. பயன்படுத்துவோர் மனமிருந்தால் உகாண்டா நாட்டுக் குழந்தைகளுக்கு உதவுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். 2023-இல் அவர் காலமானபோது, என் மகன் நெருங்கிய உறவினர் ஒருவரை இழந்ததுபோல் அன்று முழுவதும் பேசாமல் இருந்தான். ஒரு மென்பொருள் எழுதியவருக்காக இப்படியா என்று அப்போது எனக்கு வியப்பாக இருந்தது. இப்போது இல்லை.

விம்மில் சுட்டியைத் தொடவே வேண்டாம். எச், ஜே, கே, எல் என்ற நான்கு விசைகளே இடம், கீழ், மேல், வலம் என்று நகர்த்தும். ஏன் அந்த நான்கு? பில் ஜாய் வேலை செய்த பழைய கணிப்பொறி முனையத்தில் அந்த விசைகளின் மேல்தான் அம்புக்குறிகள் வரையப்பட்டிருந்தனவாம். அந்த முனையம் காயலான் கடைக்குப் போய்ப் பல காலம் ஆயிற்று. விரல் பழக்கம் மட்டும் இன்னும் போகவில்லை. புதிதாக அதைத் திறந்தவர்கள் பாடு வேறு. சக்கர வியூகத்தில் நுழைந்த அபிமன்யு கதைதான். வெளியே வரும் வழி தெரியாது. அப்படி வழி தேடியவர்களின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டதாக, புரோகிராமர்கள் கேள்வி கேட்டுப் பதில் பெறும் 'ஸ்டாக் ஓவர்ஃப்ளோ' என்ற அமைப்பு 2017-இல் வேடிக்கையாகக் கணக்குச் சொன்னது.

நண்பர் வைத்திருப்பது மைக்ரோசாஃப்ட் 2015-இல் கொண்டுவந்த 'விஷுவல் ஸ்டுடியோ கோட்'. 2023-இல் அதே அமைப்பு புரோகிராமர்களிடம் நடத்திய கருத்தெடுப்பில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் அதைத்தான் பயன்படுத்துவதாகச் சொன்னார்கள். "ஊரே ஒரு பக்கம் போகிறது, நீ மட்டும் ஏனடா?" என்பது நண்பரின் வாதம். "ஊர் போகும் வழியில் என் விரல் போகாது" என்பது மகனின் பதில்.

அந்தப் பதில்தான் என்னை யோசிக்க வைத்தது. ஏனென்றால் அதே வாரம், இன்னொரு கூட்டத்தில், கிட்டத்தட்ட அதே வார்த்தைகளை நான் சொல்லியிருந்தேன்.

எங்கள் பகுதியில் பத்துப் பன்னிரண்டு தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து பொங்கலுக்கு ஒரு சிறு மலர் வெளியிடுவது வழக்கம். இந்த ஆண்டு மலர்க் குழுவில் ஒரு யோசனை வந்தது. இனிமேல் கட்டுரை தருபவர்கள் எல்லோரும் கணிப்பொறியில்தான் அடித்துத் தரவேண்டும். அதுவும் ஆங்கில எழுத்தை அடித்தால் தமிழாக மாறுகிறதே, அந்த முறையில்தான் அடிக்க வேண்டும் என்றார் ஓர் இளைஞர். எல்லோருக்கும் ஒரே முறை என்றால் வேலை எளிதாம். இன்னொருவர் உடனே, "அதென்ன தமிழை ஆங்கிலத்தில் அடிப்பது? தமிழ்99 தான் முறை" என்று எழுந்தார். "எங்கள் விரலுக்கு இந்த வயதில் எதுவும் புதிதாக ஏறாது" என்று முனகியவர்களில் நானும் ஒருவன். ஆக, எடிட்டர் சண்டை எங்கள் மலர்க் குழுவுக்கும் வந்து சேர்ந்தது.

என் விரலின் கதையைச் சொல்கிறேன். கும்பகோணத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழில் லோயர், ஹையர் இரண்டும் தேறியவன் நான். 1978-இல் மத்திய அரசு வேலைக்காக டெல்லி வந்தேன். அலுவலகத்தில் எல்லாம் ஆங்கிலமும் இந்தியும். மாலையில் தமிழ் நாடகத்துக்கும் மலருக்கும் அடித்துக் கொடுப்பதுதான் என் தமிழ்த் தொண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா, தமிழுக்குத் தட்டச்சுப் பொறி அமைத்தவர். 'கொ' என்று அடிக்க வேண்டுமானால் தட்டச்சில் முதலில் ஒற்றைக் கொம்பு, பிறகு க, பிறகு கால். கையால் எழுதும் அதே வரிசை. நாற்பது ஆண்டுகளாக என் விரல் அப்படித்தான் ஓடுகிறது. கொம்பு போடாமல் க போட்டால், செருப்பைப் போட்டுக்கொண்டு கோயிலுக்குள் நுழைந்ததுபோல் இருக்கிறது.

பழக்கத்தின் வலிமையை வீட்டிலேயே ஒருமுறை பார்த்தேன். எண்பதுகளின் கடைசியில் அலுவலகத்துக்குக் கணிப்பொறி வந்தபோது எங்களுக்கு வேர்ட்ஸ்டார் கற்றுக்கொடுத்தார்கள். கண்ட்ரோல் விசையோடு இ அழுத்தினால் மேலே, எக்ஸ் கீழே, எஸ் இடப்பக்கம், டி வலப்பக்கம். பல ஆண்டுகள் கழித்து, 2003-இல் என் மகன் கல்லூரியில் சேர்ந்து டர்போ சி என்ற மென்பொருளில் பாடம் படித்தான். ஒருநாள் அவன் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அதே கண்ட்ரோல் கே பி! என் வேர்ட்ஸ்டார் விசைகள்! வேர்ட்ஸ்டார் போன பிறகும் அதன் விசைகள் அடுத்த தலைமுறையின் விரலில் உட்கார்ந்திருந்தன. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது மனிதர்களுக்கு மட்டுமல்ல, மென்பொருளுக்கும் பொருந்தும் போலிருக்கிறது.

எனவே கருவியைத் தேர்ந்தெடுப்பதில் அறிவைவிடப் பழக்கத்துக்கே பங்கு அதிகம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கருவி கைக்குப் பழகிவிட்டால் கவனம் எழுதும் விஷயத்தில் நிற்கும். பழகாத கருவியைத் திணித்தால் கவனம் கருவியிலேயே போய்விடும். வற்புறுத்தினால், எழுதிக்கொண்டிருந்த நாலு பேரும் எழுதுவதை நிறுத்திவிடுவார்கள். எங்கள் மலருக்கு அந்த நஷ்டம் தாங்காது.

ஆனால் வாசக அன்பர்களே, இதோடு முடித்துக்கொண்டால் நான் சோம்பேறித்தனத்துக்கு வக்காலத்து வாங்கியவன் ஆவேன். அந்த ஞாயிற்றுக்கிழமை நான் கவனித்தது வேறொன்று.

சண்டை முடிந்ததும் இருவரும் வேலையில் உட்கார்ந்தார்கள். மகன் விம்மில் எழுதிய புரோகிராமை நண்பர் தன் எடிட்டரில் திறந்தார். நாலு வரி திருத்தினார். மகன் அதை மறுபடி விம்மில் திறந்தான். ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை. "இவ்வளவு நேரம் ஜென்மப் பகையாளிகள் போல் பேசினீர்களே, இது எப்படி?" என்று கேட்டேன். "எடிட்டர்தான் அங்கிள் வேறு, ஃபைல் ஒன்றுதானே" என்றார் நண்பர். 1976-இல் பிறந்த எடிட்டரும் 2015-இல் பிறந்த எடிட்டரும் ஒரே எளிய எழுத்துக் கோப்பைத்தான் எழுதுகின்றன, படிக்கின்றன. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கிறது என்பதில் எல்லோருக்கும் ஒரே உடன்பாடு. அந்த உடன்பாடு இருப்பதால்தான் அவர்களால் இஷ்டப்பட்ட கருவியை வைத்துக்கொள்ளவும், ஆசை தீரச் சண்டை போடவும் முடிகிறது.

நமக்கு அந்தக் கொடுப்பினை இல்லாத காலம் ஒன்று இருந்தது. அதன் விலையை நான் கண்ணால் பார்த்தேன். 1998-இல் எங்கள் பொங்கல் மலர் முதல் முறையாகக் கணிப்பொறியில் தயாரானது. அதில் ஒரு பெரியவர், ஐம்பதுகளில் கரோல் பாகில் தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்த வாழ்க்கையைப் பற்றிப் பதினாறு பக்கம் எழுதியிருந்தார். இடம் போதாமல் அச்சில் ஆறு பக்கம்தான் வந்தது. "முழுக் கட்டுரையும் பிளாப்பியில் பத்திரமாக இருக்கிறது சார்" என்று அவருக்கு ஆறுதல் சொன்னவன் நான்தான். சில ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார். அவருடைய மகள் அந்தக் கட்டுரை முழுவதும் வேண்டும் என்று கேட்டு வந்தார். பிளாப்பியைத் தேடி எடுத்து, அதைப் படிக்கும் கருவியையும் எங்கோ பிடித்து, கோப்பைத் திறந்தோம். திரை முழுவதும் ஆங்கில எழுத்தும், தலையில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்தும், கேள்விக்குறியும். ஒரு 'அ' கூட இல்லை. அந்தப் பெண் சற்று நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "அப்பா எழுதினது இதுக்குள்ளதானே மாமா இருக்கு?" என்று கேட்டார். எனக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை.

நடந்தது இதுதான். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் எழுத்தின் படத்தை வைத்து ஒப்பேற்றின. கணிப்பொறியைப் பொறுத்தவரை அது ஆங்கில எழுத்து. நம் கண்ணுக்கு மட்டும் தமிழ். எந்த எழுத்தை எந்த இடத்தில் வைப்பது என்பது ஒவ்வொரு எழுத்துருக்காரரின் இஷ்டம். எழுத்துரு போனால் எழுத்தும் போயிற்று.

இதைச் சரிசெய்ய நல்லவர்கள் முயலாமல் இல்லை. 1997-இல் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி அவர்களின் முயற்சியில் தமிழ் இணைய மாநாடு கூடியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் கூடிய தமிழ்இணையம் 99 மாநாட்டின் வழியாகத் தமிழ்99 விசைப்பலகையும், டாம், டாப் என்ற குறியீட்டு முறைகளும் வந்தன. இதனிடையே உலகத் தமிழர்கள் டிஸ்கி என்ற இன்னொரு முறையை வகுத்திருந்தார்கள். உலக மொழிகள் எல்லாவற்றுக்கும் பொதுவான யூனிகோடில் தமிழுக்கு 1991-லேயே இடம் கிடைத்துவிட்டது. ஆனால் விண்டோஸ் 2000 வந்த பிறகுதான் வீட்டுக் கணிப்பொறிகளில் அது மெல்ல நடைமுறைக்கு வந்தது. 2010-இல் கோவையில் செம்மொழி மாநாடு நடந்த அந்த ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசும் யூனிகோடை ஏற்று ஆணையிட்டது. இப்போது கணிப்பொறியானாலும் கைபேசியானாலும் 'அ' என்றால் ஒரே எண்தான். புரோகிராமர்களுக்குக் கிடைத்த அந்த உடன்பாடு நமக்கும் கிடைத்துவிட்டது.

இதன் பலனை மலர்க் குழுவில் சொன்னேன். நான் பழைய தட்டச்சு முறையில் கொம்பை முதலில் அடித்தாலும், நல்ல மென்பொருள் அதை க என்றும் ஒகரம் என்றும் ஒழுங்காக மாற்றி யூனிகோடில் வைத்துவிடும். இளைஞர் ஆங்கில எழுத்தில் அடித்தாலும், தமிழ்99 அன்பர் தம் முறையில் அடித்தாலும், கோப்பில் உட்காருவது அதே எழுத்து. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலும், நம்மவர்கள் செய்த அழகி, ஈ-கலப்பை, என்எச்எம் ரைட்டர் போன்றவையும் நம் விரலுக்கு ஏற்ற முறையைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வழி செய்திருக்கின்றன. எனவே மலர்க் குழு விதி ஒன்றே ஒன்று வைத்தால் போதும்: எப்படி வேண்டுமானாலும் அடியுங்கள், யூனிகோடில் கொடுங்கள். கையால் எழுதித் தருகிறவர்களுக்கு அடித்துக் கொடுக்க நான் இருக்கிறேன். குழு இதை ஏற்றுக்கொண்டது.

பெரியவர்களுக்கு இது போதும். குழந்தைகள் விஷயத்தில் எனக்கு வேறு கருத்து. அதை இளைஞர்கள் ஏற்கமாட்டார்கள் என்று தெரிந்தே சொல்கிறேன்.

குழந்தையின் விரலுக்கு இன்னும் பழக்கம் என்று ஒன்று இல்லை. முதலில் எது ஏறுகிறதோ அதுதான் கடைசிவரை இருக்கும். ஆகவே அங்கே 'எதுவானால் என்ன' என்று விட்டுவிடக் கூடாது. என் பேத்தி நான்காம் வகுப்பு. இங்கே டெல்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளியில் படிக்கிறாள். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஆனால் கைபேசி கிடைத்தால் தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பாள். கும்பகோணத்தில் என் அக்காவுக்கு எண்பது வயது; ஆங்கில எழுத்து தெரியாது. பேத்தி ஆசையாக அனுப்பிய செய்தியைப் படிக்க முடியாமல், பக்கத்து வீட்டுப் பையன் பள்ளி விட்டு வரும்வரை காத்திருந்தாராம். இரண்டு பேருக்கும் தாய்மொழி தமிழ். நடுவில் இருபத்தாறு ஆங்கில எழுத்துகள் சுவராக நின்றன.

"ஆங்கில எழுத்தை அடித்தால் மென்பொருளே தமிழாக மாற்றிவிடுமே" என்பார்கள். மாற்றும். ஆனால் 'தமிழ்' என்ற நம் மொழியின் பெயரை அஞ்சல் முறையில் அடிக்க 'ழ'வுக்கு இசட் போட வேண்டும். 'ள'வுக்குப் பெரிய எல், 'ண'வுக்குப் பெரிய என். தமிழெழுத்தைத் தடுமாறிப் படிக்கும் டெல்லிக் குழந்தைக்கு முதலில் நினைவுக்கு வருவது இசட், பிறகுதான் ழ. பேசினாலே எழுதிவிடும் கைபேசி இருக்கிறதே என்பார்கள். அது எழுதியது சரியா என்று பார்க்கவாவது எழுத்து தெரிந்திருக்க வேண்டாமா?

தமிழ்99-இல் 12 உயிர், 18 மெய், ஓர் ஆய்தம் ஆக 31 எழுத்தின் இடம் தெரிந்தால் 247 எழுத்தும் வந்துவிடும். க அடித்து ஆ அடித்தால் கா. அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு தட்டினால் 'அம்மா'. புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். பள்ளியில் டீச்சர் சொல்லிக்கொடுத்த உயிர்மெய்ப் பாடம்தான் விரலுக்கும் பாடம். இந்தியும் அடிக்க வேண்டிய குழந்தைகளுக்கு மத்திய அரசின் இன்ஸ்கிரிப்ட் முறையும் நல்லதே. இந்தி 'க' இருக்கும் விசையில்தான் தமிழ் 'க'வும் இருக்கும். இரண்டில் எதைப் பழக்கினாலும் குழந்தை தமிழை நினைத்துத் தமிழை அடிக்கும். வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். கைபேசியிலும் தமிழ்99 கிடைக்கிறது.

இதை நான் வீட்டில் சோதித்துப் பார்த்தேன். முதல் வாரம் பேத்தி, "போ தாத்தா, கஷ்டமா இருக்கு" என்று ஓடிவிட்டாள். மூன்றாவது வாரம் ஒரு சாக்லெட் பந்தயத்தில் என்னைவிட வேகமாக 'கொய்யாப்பழம்' அடித்தாள். சென்ற வெள்ளிக்கிழமை, "அத்தைப் பாட்டி, நான் தமிழ்ல அடிக்கிறேன்" என்று தானாகவே கும்பகோணத்துக்கு ஒரு செய்தி அனுப்பினாள். அக்கா உடனே தொலைபேசியில் கூப்பிட்டார்கள். "கண்ணாடி போட்டுண்டு நானே படிச்சேன்டா" என்று அதையே மூன்று முறை சொன்னார்கள்.

என் மகனிடம் ஒரு குறையைச் சொல்லி முடிக்கிறேன். அவ்வளவு பெருமை பேசினானே, அவன் திரையில் தமிழ்க் கட்டுரை ஒன்றைத் திறந்து காட்டச் சொன்னேன். எல்லா எழுத்துக்கும் ஒரே அகலக் கட்டம் போட்டு வைத்த கறுப்புத் திரை; நம் 'ணௌ'வும் 'ஞை'யும் அதில் அடங்குமா? ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு நின்றன. பேசாமல் நண்பரின் எடிட்டரில் திறந்து காட்டினான். தமிழ் நேராக நிற்கும்படி எடிட்டர்களையும் திரைகளையும் திருத்தும் வேலை இன்னும் பாக்கி இருக்கிறது. அதைச் செய்யத் தெரிந்த தமிழ்ப் பிள்ளைகள் குருகிராமிலும் நொய்டாவிலும் நிறையப் பேர் இருக்கிறார்கள். எந்த எடிட்டர் உசத்தி என்று வாதிடும் நேரத்தில் பாதியை இதற்குக் கொடுத்தால் போதும்.

அந்தப் பெரியவரின் கட்டுரைக்காகவும் அவர்களில் ஒருவரைத்தான் நாடியிருக்கிறேன். எந்த எழுத்துரு என்று தெரிந்தால் யூனிகோடுக்கு மாற்றிவிடலாம் என்று நண்பர் நம்பிக்கை சொல்லியிருக்கிறார். பழைய மலரின் அச்சுப் பக்கத்தையும் கோப்பையும் பக்கத்தில் வைத்து, எந்தக் குறி எந்த எழுத்து என்று ஒவ்வொன்றாகப் பொருத்திக்கொண்டிருக்கிறோம். இதுவரை நாற்பது எழுத்து தேறியிருக்கிறது. உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படிப் பிளாப்பியோ குறுந்தகடோ கிடந்தால், தயவுசெய்து தூக்கி எறியாதீர்கள். எந்த ஆண்டு, எந்த மென்பொருள், எந்த எழுத்துரு என்று நினைவிருப்பதை ஒரு தாளில் எழுதி அதோடு சேர்த்து வையுங்கள். நினைவு வைத்திருப்பவர்கள் இருக்கும்போதே அதைச் செய்துவிட வேண்டும்.